ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் நம் முன்னோர்கள். காவிரியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வாழும் முசிறி மக்களுக்கு இப்பழமொழியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. நெல்லுக்கு மரக்கால், பாலுக்கு லிட்டர், பூவுக்கு முழம், வாழைக்குத் தார், கோரைக்குக் கட்டு என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவை வைத்துக்கொண்டு, அளந்து கொடுத்தும் அளந்து வாங்கியும் வந்தவர்கள் நாம். ஆனால் இன்று நம் வீடுகளில் அளவு தெரியாமலே வாங்கி வைக்கப்படும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் மின்னூட்டம்.

கைப்பேசி, பவர் பேங்க், இன்வெர்ட்டர், வயலில் மருந்தடிக்கும் பேட்டரி தெளிப்பான் என மின்கலம் இல்லாத வீடு இன்று ஏது? ஒவ்வொரு மின்கலமும் தன்னால் தரக்கூடிய மின்னூட்டம் எவ்வளவு என்பதைத் தன் முதுகில் எழுதிக்கொண்டுதான் கடைக்கு வருகிறது. அந்த எழுத்தைப் படித்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு வாங்குபவர் எத்தனை பேர்? கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பணத்தை எடுத்து நீட்டுகிறவர்களே அதிகம். மின்னூட்டத்தின் அலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றத் தெரிவது ஒரு மதிப்பெண் வினாவுக்கான விடை மட்டுமன்று. அரிசி அளக்கத் தெரிவதுபோல் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டிய வீட்டுக் கணக்கு அது என்பதே எங்கள் கருத்து.

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னியல் பாடத்தைப் படித்த எவரும் மின்னூட்டத்தின் அலகு கூலூம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வர். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு வினாடி பாய்ந்தால், அந்த ஒரு வினாடியில் கடந்து செல்லும் மின்னூட்டம் ஒரு கூலூம். இது பாடம். ஆனால் கடைத்தெருவில் எந்தப் பெட்டியிலாவது கூலூம் என்று அச்சிட்டிருக்கக் கண்டதுண்டா? இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல் 'ஏ.எச்.' என்றும், பவர் பேங்கின் மேல் 'எம்.ஏ.எச்.' என்றும் இருக்கின்றன. முன்னது ஆம்பியர்-மணி, பின்னது மில்லி ஆம்பியர்-மணி. பாடத்தில் ஒரு மொழி, கடையில் வேறு மொழி. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டாமா?

அந்தப் பாலம் மிகவும் எளிது. ஒரு மணிக்கு 3,600 வினாடிகள். ஆகவே, ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 3,600 கூலூம். ஆயிரம் மில்லி ஆம்பியர்-மணி சேர்ந்தது ஓர் ஆம்பியர்-மணி. ஆதலால் ஒரு மில்லி ஆம்பியர்-மணி என்பது 3.6 கூலூம். இவ்விரண்டு வரிகள் போதும். எங்கள் வகுப்பில் இவற்றை வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள மின்கலங்களின் எழுத்துகளைக் குறித்து வந்து கணக்கிட்டோம். 5,000 மில்லி ஆம்பியர்-மணிக் கைப்பேசி 18,000 கூலூம். 8 ஆம்பியர்-மணித் தெளிப்பான் 28,800 கூலூம். 20,000 மில்லி ஆம்பியர்-மணிப் பவர் பேங்க் 72,000 கூலூம். 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரி 5,40,000 கூலூம். எண்ணை மட்டும் பார்த்தால் 150 சிறியது, 20,000 பெரியது. கூலூமாக மாற்றியதும் பெரியது எது என்று தெரிந்துவிடுகிறது. பவர் பேங்கைப்போல் ஏழரை மடங்கு தருவது அந்த 150தான்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. குடத்தில் நீரை நிரப்புவதுபோல் மின்கலத்துக்குள் மின்னூட்டம் நிரம்பியிருப்பதில்லை. மின்சுற்றின் வழியே மொத்தம் எவ்வளவு மின்னூட்டத்தைச் செலுத்த அந்த மின்கலத்தால் இயலும் என்பதையே அதன் மேலுள்ள எண் காட்டுகிறது.

தோழியரே, இத்துடன் கணக்கு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. வானில் வெட்டும் ஒரு மின்னலில் இறங்கும் மின்னூட்டம் பொதுவாக ஏறத்தாழ 15 கூலூம் என்கின்றனர் அறிஞர்கள். நம் கைப்பேசியோ 18,000 கூலூம்! அப்படியானால் மரத்தைப் பிளக்கும் மின்னலைவிடக் கைப்பேசி ஆயிரம் மடங்கு வலியதா? அன்று. மின்னல் கோடிக்கணக்கான வோல்ட் அழுத்தத்திலிருந்து இறங்குகிறது. கைப்பேசியின் மின்கலத்தில் இருப்பதோ ஏறத்தாழ நான்கு வோல்ட்தான். காவிரியைக் கொண்டே இதைப் புரிந்துகொள்ளலாம். மேட்டூர் அணையில் 120 அடி உயரத்தில் தேங்கி நிற்கும் ஒரு குடம் நீரும், முசிறிப் படித்துறையைத் தொட்டு ஓடும் ஒரு குடம் நீரும் அளவில் ஒன்றே. ஆனால் மேட்டூரில் விழும் நீர் மின்சார உருளையைச் சுழற்றுகிறது; படித்துறையில் ஓடும் நீர் நம் காலை நனைத்துவிட்டுப் போகிறது. நீரின் அளவு போன்றது கூலூம். அது விழும் உயரம் போன்றது வோல்ட். இரண்டையும் பெருக்கினால்தான் அது செய்யக்கூடிய வேலை, அதாவது ஆற்றல் கிடைக்கும்.

இப்போது மீண்டும் கடைத்தெருவுக்கு வருவோம். பவர் பேங்கினுள் இருக்கும் மின்கலம் பெரும்பாலும் 3.7 வோல்ட். 20 ஆம்பியர்-மணியை 3.7ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட். 150ஐ 12ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. மின்கட்டண அட்டையில் 'யூனிட்' என்று எழுதுகிறார்களே, அது ஆயிரம் வாட்-மணி. ஆகவே இன்வெர்ட்டர் தருவது 1.8 யூனிட், பவர் பேங்க் தருவது 0.074 யூனிட். மின்னூட்டத்தில் ஏழரை மடங்காக இருந்த வேறுபாடு, ஆற்றலில் ஏறத்தாழ 24 மடங்காகிவிட்டது. வெறும் எண்ணைப் பார்த்தவருக்கு ஒரு விடை, கூலூமாக்கிப் பார்த்தவருக்கு இன்னொரு விடை, வோல்ட்டையும் சேர்த்துப் பார்த்தவருக்கு மூன்றாவது விடை. மூன்றாவது விடையை அறிந்தவரே விலை பேசத் தகுதி உள்ளவர்.

பவர் பேங்க் வாங்கியவர்கள் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு. "இருபதாயிரம் என்று போட்டிருக்கிறது, ஐயாயிரம் உள்ள கைப்பேசிக்கு நான்கு தடவை வரவில்லையே!" என்பார்கள். 3.7 வோல்ட்டில் உள்ள மின்னூட்டத்தை 5 வோல்ட்டுக்கு உயர்த்தித்தான் பவர் பேங்க் வெளியே அனுப்புகிறது. 74 வாட்-மணியை 5ஆல் வகுத்தால் 14,800 மில்லி ஆம்பியர்-மணிதான். உயர்த்தும்போதும், கைப்பேசிக்குள் மீண்டும் இறக்கும்போதும் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. ஆகவே நான்கு தடவை வராது. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இந்த விவரம் இருந்தாலும், மாற்றக் கணக்குத் தெரியாதவருக்கு அது இருந்தும் இல்லாததே.

இன்வெர்ட்டரிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. பேட்டரியின் மேல் ஆம்பியர்-மணியை அடுத்து 'சி 20' என்று எழுதியிருப்பார்கள். இந்த 'சி'யைக் கூலூம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த 150 ஆம்பியர்-மணி, 20 மணி நேரத்தில் மெல்ல மெல்லச் செலவழித்தால் கிடைப்பது என்பதே அதன் பொருள். அதாவது 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம். 75 வாட் மின்விசிறி இரண்டும் 9 வாட் விளக்கு இரண்டும் ஓடினால் 168 வாட். 12 வோல்ட்டில் அது 14 ஆம்பியர். 150ஐ 14ஆல் வகுத்தால் தாளில் பத்தரை மணிக்கு மேல் வரும். ஆனால் 7.5க்குப் பதில் 14 ஆம்பியராக விரைந்து எடுப்பதாலும், இன்வெர்ட்டரிலேயே ஒரு பங்கு வீணாவதாலும், உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. 2012ஆம் ஆண்டுக் கடும் மின்வெட்டின்போது தமிழகமெங்கும் வீடுகளில் இன்வெர்ட்டர்கள் பெருகின என்று பெற்றோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று இந்தச் சிறு கணக்குத் தெரிந்திருந்தால், தேவைக்கு ஏற்ற பேட்டரியை எத்தனையோ குடும்பங்கள் தாமே தேர்ந்தெடுத்திருக்கலாம்.

நம் திருச்சி விமான நிலையத்தையும் எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் நம் உறவினர்கள் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும். சிறப்பு அனுமதியின்றிக் கொண்டு செல்லக்கூடியது 100 வாட்-மணி வரை மட்டுமே. விதி வாட்-மணியில் பேசுகிறது, பொருளோ மில்லி ஆம்பியர்-மணியில் பேசுகிறது. 27,000 என்று எழுதியிருந்தால் 99.9 வாட்-மணி, செல்லலாம். 30,000 என்றால் 111 வாட்-மணி, தடுக்கப்படலாம். வீட்டிலேயே ஒரு பெருக்கல் செய்திருந்தால், ஊருக்குப் புறப்படும் நேரத்தில் மனக்கலக்கம் ஏது?

நிற்க. ஒரே பொருளுக்கு இத்தனை அலகுகள் எப்படி வந்தன? பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் சார்ல்ஸ் அகஸ்டின் டி கூலூம், மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள விசையை முறுக்குத் தராசினால் அளந்து 1785இல் வெளியிட்டார். அவர் பெயரை மின்னூட்டத்தின் அலகுக்குச் சூட்டியது 1881இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு. அதன் பின்னரும் அறிவியலார் பலர் நிலைமின்னியல் அலகு என்ற மிகச் சிறிய அலகிலேயே எழுதி வந்தனர். ஏறத்தாழ 300 கோடி நிலைமின்னியல் அலகுகள் சேர்ந்தால்தான் ஒரு கூலூம். அமெரிக்க அறிஞர் மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1913இல் தந்த எண் 4.774 × 10⁻¹⁰. நம் பாடநூலிலோ 1.602 × 10⁻¹⁹ கூலூம் என்றிருக்கிறது. இரண்டையும் அருகருகே பார்க்கும் மாணவி, இரு வேறு எலக்ட்ரான்களோ என்று திகைப்பாள். மாற்றிப் பார்த்தால் மில்லிகனின் எண் 1.592 × 10⁻¹⁹ கூலூம் ஆகிறது. இன்றைய மதிப்புக்கு மிக அருகில், சற்றே குறைவு. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்புச் சற்றுக் குறைவாக இருந்ததே அதற்குக் காரணம். அலகை மாற்றிய பிறகுதான் மேதையின் அருமையும் தெரிகிறது. எஞ்சிய சிறு குறையும் தெரிகிறது.

2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று உலக நாடுகள் கூடி நிலைநிறுத்திவிட்டன. இனி அந்த எண் மாறாது. ஆம்பியரே அதிலிருந்துதான் பெறப்படுகிறது. எண்ணிக்கையில் சொன்னால் ஒரு கூலூம் என்பது ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்களின் மின்னூட்டம்!

இந்தக் கணக்கினால் தொழில்கள் நடக்கின்றன என்பதற்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளில், டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். மின்வேதியியல் என்பதே மின்னூட்டத்தைப் பொருளாகவும் பொருளை மின்னூட்டமாகவும் கணக்கிடும் கலைதானே! வெள்ளி முலாம் பூசுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூலூம் பாய்ந்தால் 1.118 மில்லி கிராம் வெள்ளி படிகிறது. ஓர் ஆம்பியர்-மணி பாய்ந்தால் 4.02 கிராம், அதாவது நம் வீட்டுக் கணக்கில் ஏறத்தாழ அரைப் பவுன் எடை. மின்னூட்டத்தை அளந்தால், விளக்கின் மேல் எவ்வளவு வெள்ளி ஏறியிருக்கிறது என்பதை உரசிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

காவிரியின் மேற்பகுதியில் மேட்டூரில் உப்பு நீரின் வழியே மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடா தயாரிக்கிறார்கள். சோப்புக்கும் காகிதத்துக்கும் துணி ஆலைக்கும் வேண்டிய பொருள் அது. வீணாவது எதுவும் இல்லையென்று வைத்துக்கொண்டால், ஓர் ஆம்பியர்-மணிக்கு 1.49 கிராம் கிடைக்கும். ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 6,70,000 ஆம்பியர்-மணி. கூலூமில் 241 கோடி. தொழிற்சாலை ஏன் கூலூமில் எழுதுவதில்லை என்பது இப்போது விளங்கும். எண் கைக்கு அடங்க வேண்டும்!

ஆதலால், "கூலூம் ஒன்றே போதும், மற்றவற்றை ஒழித்துவிடுங்கள்" என்று நாங்கள் சொல்லவில்லை. மல்லிகையைக் கிலோவில் வாங்கிக் கூந்தலில் சூடுவார் இல்லை. ஆம்பியர்-மணியிலும் ஒரு வசதி உண்டு. ஓடும் ஆம்பியரால் வகுத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உடனே தெரிகிறது. அலகுகள் பல இருக்கட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழி மட்டும் நம் கையில் இருக்கட்டும். 1957 ஏப்ரல் முதல் நாள் அணாக் கணக்குப் போய் நயா பைசா வந்தபோது, நாலணாவுக்கு 25 பைசா என்பது எல்லோருக்கும் எளிதாயிற்று. ஓரணாவுக்கு ஆறே கால் பைசா என்று வந்தபோதுதான் தடுமாற்றம். அன்று கணக்குத் தெரிந்த பாட்டிமார் நிமிர்ந்து நின்று சில்லறை கேட்டார்கள். தெரியாதவர்கள் கொடுத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள்.

"கைப்பேசியில் தட்டினால் விடை வந்துவிடுகிறதே, இதை ஏன் படிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். பெருக்குவதையும் வகுப்பதையும் கருவி செய்யும். ஆனால் எதை எதோடு ஒப்பிட வேண்டும், எங்கே வோல்ட்டைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் கேட்பவருக்குத்தானே வர வேண்டும்? கேள்வியே பிறக்காத இடத்தில் விடைக்கு என்ன பயன்? அலகில் கவனக்குறைவு என்ன செய்யும் என்பதற்கு 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கோளை அடைந்தபோது அழிந்துபோன அமெரிக்க விண்கலம் சாட்சி. ஒரு குழு பவுண்டுக் கணக்கிலும் மற்றொரு குழு நியூட்டன் கணக்கிலும் விசையை எடுத்துக்கொண்டதே அந்த இழப்புக்குக் காரணம். அங்கே கருவிகளுக்குக் குறைவா இருந்தது?

"பெண் பிள்ளைக்குப் பேட்டரிக் கணக்கு எதற்கு?" என்ற கேள்வியும் சில வீடுகளில் எழுவதுண்டு. நாங்கள் பணிவோடு கேட்கிறோம்: மின்சாரம் நின்ற இரவில் குழந்தைக்கு விசிறி ஓட வேண்டுமே என்று கவலைப்படுவது யார்? விளக்கு எத்தனை மணிக்கு அணையும் என்று எண்ணிக்கொண்டு பாயை நெய்து முடிப்பது யார்? கவலை பெண்ணுக்கு என்றால் கணக்கும் அவளுக்கே உரியது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, தேர்வில் அலகு மாற்றம் கேட்கும்போது, வீட்டு மின்கலங்களின் எழுத்துகளைக் கொண்டே வினாக்கள் அமையட்டும். இரண்டாவது, கூலூம், ஆம்பியர்-மணி, மில்லி ஆம்பியர்-மணி, எலக்ட்ரான் எண்ணிக்கை ஆகிய நான்கும் கொண்ட ஓர் அட்டவணை அறிவியல் கூடத்தின் வாயிலில் தொங்கட்டும். அதன் அடியில் "வோல்ட் எவ்வளவு என்று கேள்" என்ற ஒரு வரியும் இருக்கட்டும். மூன்றாவது, அன்பார்ந்த பெற்றோரே, அடுத்த முறை மின்கலம் வாங்கப் போகும்போது மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் அவள் கையில் இருக்கும்.

முசிறியில் நின்று குளித்தலையைப் பார்த்தால் இடையில் ஓடும் காவிரி அகலமாகத்தான் தெரிகிறது. பாலம் இருப்பதால் அதைக் கடப்பது எளிதாகிவிட்டது. பாடநூலின் கூலூமுக்கும் கடைத்தெருவின் ஆம்பியர்-மணிக்கும் இடையே உள்ள பாலம் 3,600 என்ற ஓர் எண். தோழியரே, அந்த எண்ணை மனத்தில் வைப்போம். எதையும் அளந்தே வாங்குவோம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி